சீர்த்தட்டில் வந்த ஊமைப் பெட்டி

அந்தப் பெட்டியில் பழுது எதுவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டதால் வந்ததுதான் மற்றதெல்லாம்.

அப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் வாடகை வீடு. நான், மனைவி, ஒரே மகள். மனைவிக்குச் சொந்த ஊர் பல்லடம். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டதால், அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது தம்பி ஒருவர்தான். அவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஓட்டுக் கொட்டகையில் விசைத்தறி போட்டு, கூலிக்குத் துணி நெய்து கொடுத்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். என் வீட்டுக்கு வந்தால் நான் உட்காரச் சொல்லும்வரை நிற்பார். பேப்பரில் வந்த செய்தியைக்கூட "இது எப்படீங்க மச்சான்?" என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். அந்த மரியாதைகூட எனக்கு உறுத்தியது. பொங்கலுக்கு அவர் கொண்டுவரும் சீர் ஒவ்வொரு வருடமும் என் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதாகிக்கொண்டு போனது. நான் படித்த படிப்புக்கு ஊரில் கிடைத்த வணக்கம், அவருடைய வேன் வந்து நின்றதும் அந்தப் பக்கம் திரும்பியது. பொறாமை என்ற சொல்லை அன்று நான் எனக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. இன்று வேறு சொல் கிடைக்கவில்லை.

மகள் பெரியவளானாள். அந்த விசேஷத்தை எங்கள் பக்கம் திரட்டி என்பார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவராமல் அது நடக்காது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் மைத்துனர், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த நண்பர் ஒருவரோடு சரக்குக் காட்ட இங்கிலாந்து போய் வந்திருந்தார். அங்கே ஒரு வியாபாரியின் வீட்டில், பிள்ளைகள் ஆடி ஓய்ந்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைப் பார்த்திருக்கிறார். முன்பக்கம் மரப்பட்டை போல் தோற்றம், மேலே நான்கைந்து உலோக விசைகள், கேசட் செருக ஒரு வாய், கையில் பிடித்து ஆட்ட ஒரு கருப்புத் தண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அது பழங்காலத்துப் பொருள். என் மகள் பக்கத்து வீட்டில் இதைப் போன்ற ஒன்றைப் பார்த்துவிட்டு மாமனிடம் கேட்டிருந்தாள். அவர் மறக்கவில்லை. ஆசையாகக் கேட்டு வாங்கி, விமானத்தில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்.

திரட்டி அன்று வீட்டுக்கு முன்னால் பந்தல். வேன் வந்து நின்றது. பட்டுச் சேலை, வளையல், பழம், வெல்லம் என்று தட்டுகள் வரிசையாக இறங்கின. நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு, சிவப்புத் துணி விரித்து, அந்தப் பெட்டி.

என் பெரியப்பா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

"ஏனுங் மாப்ளே, சீர்த்தட்டுல என்னுங்க ரேடியோப் பொட்டி?"

"ரேடியோ இல்லீங்க பெரியவரே. வீடியோ கேமுங்க. டிவியில மாட்டி வெளையாடறது."

"பெரிய மனுசி ஆன புள்ளைக்கு வெளையாட்டுச் சாமானா? அடுத்த சீருக்குக் கிலுகிலுப்பை கொண்டாருவீங்களாட்ட இருக்குது!"

பந்தலே சிரித்தது. மைத்துனரும் சிரித்தார். "அம்மணி கேட்டுதுங்க. கேட்டதைக் கொண்டாராத மாமன் என்ன மாமனுங்க?"

அவர் அம்மணி என்று கூப்பிடும் என் மகள் பட்டுச் சேலையில், தலை தாங்காத பூவோடு உட்கார்ந்திருந்தாள். குனிந்திருக்க வேண்டிய தலை அடிக்கடி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தது.

"மாட்டித்தான் காட்டுங்களே, பாக்கலாம்" என்றார்கள். மைத்துனரே மாட்டினார். அந்த ஊர்ப் பிளக்குக்கு ஏற்ற மாற்றுப் பிளக்கையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். எங்கள் டிவியின் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை விரல் நுனியால் உருட்டிக்கொண்டே போனார். புள்ளி மழைக்கு நடுவே சட்டென்று படம் விழுந்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு பீரங்கி வண்டி. மேலிருந்து தட்டுத் தட்டாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

சத்தம் மட்டும் வரவில்லை. 'உஸ்' என்ற இரைச்சல்தான்.

"சத்தத்தக் கூட்டுங்க" என்றது ஒரு குரல். கூட்டினார். இரைச்சல்தான் கூடியது.

"மழை பேயுதாட்ட இருக்குது."

"ஊமைப் பொட்டிங்களா மாப்ளே? சொல்லவே இல்லியே!"

மைத்துனரின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கேசட்டை எடுத்து ஊதிப் போட்டார். "அங்க நல்லாப் பாடுச்சுங்க. என்ற ரெண்டு காதாலயும் கேட்டேனுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மச்சானுங்க, நீங்க பாத்தாத் தெரிஞ்சு போயிருமுங்க. கொஞ்சம் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு இரைச்சல் காதில் விழுந்த உடனேயே தெரிந்துவிட்டது. டிவிக்குப் படம் ஓர் அலையில் வரும். சத்தம் அதிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி இன்னோர் அலையில் வரும். அந்த இடைவெளி நம் நாட்டில் ஐந்தரை மெகாஹெர்ட்ஸ், இங்கிலாந்தில் ஆறு. பெட்டி ஆறில் பாடிக்கொண்டிருக்கிறது, என் டிவி ஐந்தரையில் காது வைத்துக் காத்திருக்கிறது. அவ்வளவுதான். ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற விஷயம். 'பெட்டி நல்லாத்தான் இருக்குது மாப்ளே, ஊர் மாறினதால வந்த வினை, நாளைக்குச் சரி பண்ணிடறேன்' என்று ஒரே வாக்கியம் போதும். அவர் மானம் தப்பியிருக்கும். என் படிப்புக்கும் மரியாதை கிடைத்திருக்கும். அந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது உண்மை.

நான் சொன்னது வேறு.

"பாக்கறதுக்கு என்ன இருக்குது மாப்ளே? சீமையில குப்பையில போட்டதைத் தூக்கியாந்து தட்டுல வெச்சா இப்படித்தான் இருக்கும். ஓட்டை."

சீர்த்தட்டில் இருப்பதைக் குப்பை என்று சபையில் சொல்வது, கொண்டுவந்தவரை முகத்தில் அறைவதற்குச் சமம். அது தெரியாமல் நான் சொல்லவில்லை.

"என்னுங்க, சபையில வெச்சு..." என்று மனைவி என்னிடம் தொடங்கி, பாதியில் விட்டுத் தம்பியிடம் ஓடினாள். "எலை போட்டாச்சு தம்பி. வா, வந்து உக்காரு."

"கை நனைக்க மாட்டேனுங்கக்கா" என்றார் அவர். குரல் உயரவில்லை. "மச்சான் குப்பைன்னு சொன்னதைக் கொண்டாந்துபோட்டேன். இனி இந்த ஊட்டுச் சோறு எனக்கு எறங்காதுங்க." மகளிடம் போய்த் தலையைத் தொட்டுவிட்டு வேனில் ஏறினார். அவரோடு வந்தவர்களும் ஏறினார்கள். போட்ட இலைகள் வரிசையாக அப்படியே கிடந்தன. சீர் கொண்டுவந்தவர்கள் கை நனைக்காமல் போனார்கள் என்றால், அதற்குமேல் ஊருக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மனைவி தம்பியைச் சமாதானப்படுத்தப் பல்லடத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள். வீட்டில் நான் மட்டும். பதில் தெரிந்த கணக்கையும் வழிமுறையோடு போடுவது என் பழக்கம். முதலில் ஒயரை மாற்றிப் பார்த்தேன். கேசட்டின் பித்தளைப் பற்களை மகளின் அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். டிவியின் பல்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். படம் கலைந்து கோடுகோடாகப் போகும் இடத்தில், மிக மெலிதாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு 'டுப் டுப்' கேட்டது. சந்தேகம் தீர்ந்தது.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே தகரக் கூடு ஒன்று. அதற்குள் சுண்டுவிரல் நுனியளவில் ஒரு கம்பிச் சுருள். சுருளின் நடுவில் திருகக்கூடிய கருப்புத் தண்டு. அந்தத் தண்டு உள்ளே இறங்க இறங்கச் சத்தத்தின் அலை ஆறிலிருந்து ஐந்தரையை நோக்கி இறங்கி வரும். இரும்புத் திருப்புளியால் தொட்டால் இரும்பே அலையைக் குழப்பிவிடும். கண்ணாடிக்குக் கீழே மனைவியின் பிளாஸ்டிக் சீப்பு இருந்தது. அதில் ஒரு பல்லை உடைத்து, நுனியை அரத்தில் தேய்த்துத் தட்டையாக்கி, சுருளுக்குள் விட்டுத் திருகினேன். இரைச்சல் மெல்ல அடங்கியது. பிறகு திரைச்சீலையை விலக்கியதுபோலச் சத்தம் வந்தது.

அற்பமான சத்தம்தான். 'டுப், டுப்' என்று தட்டுகள் இறங்கும் ஓசை. பொத்தானை அழுத்தினால் 'ப்யூ' என்று ஒரு கீச்சு. குண்டு பட்டால் தகரம் கசங்கும் ஒலி. ஆனாலும் எழுந்து போக மனமின்றி உட்கார்ந்து கேட்டேன். நன்றாகவே பாடியது.

மகள் வந்து இதைக் கேட்டால் துள்ளுவாள் என்று தோன்றியது. அதற்கு அடுத்து, மனைவி அன்றைக்கே தம்பிக்குச் சொல்லி அனுப்புவாள் என்று தோன்றியது. அதற்கும் அடுத்து, அதே சொந்தங்கள் இருக்கும் சபையில், பத்தாவது தாண்டாதவரிடம் நான் தப்பாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதை மனக்கண்ணில் பார்த்தேன். சீப்புப் பல்லை மறுபடி உள்ளே விட்டேன். இரைச்சல் வரும்வரை எதிர்ப்பக்கம் திருகினேன். பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். சீப்புப் பல்லை ஏனோ எறியவில்லை. ஷேவிங் டப்பாவுக்குள் போட்டேன்.

சாயங்காலம் மனைவி திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டானுங்க. அங்க பாடுச்சு, என்ற காதால கேட்டேங்கறான். 'மச்சான்கிட்ட இன்னொருக்காக் கேளுக்கா. தொறந்து பாத்துப்போட்டு அவரு வராதுன்னு சொன்னா நான் பொய்யன்னு ஒத்துக்கறேன்'கறான். ஏனுங்க, நெசமாலுமே அதுல சத்தம் வராதுங்களா?"

"தொறந்து பாத்தேன். வராது."

"செத்த நல்லாப் பாத்தீங்களா?"

"அதுக்குத்தானே படிச்சிருக்கேன்?"

அவள் அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள். அடுத்த முறை பல்லடம் போனபோது தம்பியிடம் என்ன சொன்னாள் என்பதை அவளே என்னிடம் சொன்னாள். 'படிச்ச மனுசன் எதுக்குடா பொய் சொல்லப் போறாரு? நீதான் ஏமாந்து வாங்கியாந்துபோட்டு வீம்பு பண்றே' என்றாளாம். அவர் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லையாம். அடுத்த பொங்கலுக்கு வேன் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய சேதி, மூன்றாம் மனிதர் வாய்வழியாகத்தான் வந்தது. அதைக் கேட்ட அன்று மனைவி இட்லித் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, காய்ந்த பிறகும் அதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

மகள் ஊமைப் பெட்டியோடுதான் விளையாடினாள். சத்தத்தை அவளே வாயால் போட்டுக்கொண்டாள். பீரங்கிக்கு 'டுமீல்', தட்டு விழுந்தால் 'டமார்', தான் தோற்றால் 'ஐயோ அம்மணி!' என்று ஒரு கூச்சல். முதலில் மனைவி சமையலறையிலிருந்தே சிரிப்பாள். உண்மையான ஓசை எது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். பொங்கல் சீர் வராமல் போன பிறகு ஒரு நாள் மனைவி, "வாயை மூடீட்டு வெளையாடு கண்ணு" என்றாள். மகள் அன்றோடு விளையாட்டை விட்டாள். பெட்டி பரண் ஏறியது.

சில வருடங்கள் கழித்து மனைவி படுக்கையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் அண்ணன்மார் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அந்தப் பொட்டி நெசமாலுமே பாடாதுங்களா?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தம்பி அன்றைக்கே ஓடி வந்திருப்பார். "இப்ப எதுக்கு அதெல்லாம், தூங்கு" என்றேன். அவள் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மாதமே போய்விட்டாள். எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து அவள்மேல் விழாமல் எடுக்க மாட்டார்கள். "கூடப் பொறந்தவன் கோடி வரோணும்" என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். வருவாரா என்று என்னிடம் கேட்டார்கள். வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக அக்காவிடம் போனார். சேலையைப் போர்த்தினார். குனிந்து, அவள் காதருகே சொன்னார்.

"அக்கா, அது பாடுச்சுக்கா. நான் பொய் சொல்லலீங்கக்கா."

சுற்றியிருந்தவர்கள் துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்து அவரைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். தலைமாட்டில் நின்றிருந்த மகளுக்கு அது தெளிவாகக் கேட்டது. எனக்கும் கேட்டது.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு மகள் கேட்டாள். "எது பாடுச்சுன்னு மாமா சொன்னாருங்கப்பா? அந்தப் பொட்டியா?"

நான் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். ஷேவிங் டப்பாவிலிருந்து சீப்புப் பல்லை எடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோதே திறந்து திருகினேன். 'டுப், டுப்' என்று கூடம் முழுக்கக் கேட்டது. மடித்த துணியோடு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"இது அம்மா சீப்புப் பல்லுங்க."

"ஆமா."

"இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல கண்ணு. அப்பவே."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். "அம்மா கேக்காதது எனக்கும் வேண்டாமுங்க" என்றாள். கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, "மாமாகிட்டப் போய்ச் சொல்லுங்க. நீங்களே போய்ச் சொல்லோணும். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள். சொன்னபடியே இருந்தாள். சோறு போட்டாள், பேசவில்லை.

பல்லடம் போனேன். மைத்துனர் கொட்டகைக்குள், அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் தன் மூச்சே தனக்குக் கேட்காது. என்னைப் பார்த்ததும் அவர் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். நான் அருகே போய்ச் சொன்னேன். அன்று எனக்குத் தெரியும் என்றேன். சரி செய்துவிட்டு மறுபடி கெடுத்தேன் என்றேன். உங்கள் அக்காவிடம் பொய் சொன்னேன் என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். "என்னுங்க மச்சான்? ஒண்ணும் கேக்கலீங்க. வெளியில வாங்க, பேசலாம்."

வெளியே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டார். டீ வந்தது. "சொல்லுங்க மச்சான்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. அக்காவே போன பிறகு எதற்கு என்ற சோர்வுதான் இருந்தது. ஒரு முறை சொன்னதை அந்த வெளிச்சத்தில், அந்த முகத்துக்கு எதிரில், மறுபடி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"அம்மணியை நீங்கதான் பாத்துக்கோணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"அதைச் சொல்லோணுமுங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "சொல்லிட்டேன்" என்றேன்.

"மாமா என்னுங்க சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

இரண்டும் உண்மை. அவள் அழுதுகொண்டே என்னிடம் பேசத் தொடங்கினாள். கல்யாணத்தில் தாய்மாமன் முறை எல்லாவற்றையும் அவரே நின்று செய்தார். "தப்புப் பண்ணினாலும் நேராப் போய்ச் சொன்னீங்களே, அது பெருசுங்கப்பா" என்று மகள் இன்றைக்கும் சொல்வதுண்டு. அவள் மாமனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

மைத்துனருக்கு இப்போது இரண்டு காதும் கேட்பதில்லை. தறிச் சத்தத்திலேயே ஆயுள் கழித்தவர்களுக்கு வருவதுதான். எதிரில் உட்கார்ந்து கத்தினாலும் உதட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். இனி வேப்ப மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாலும் வாயால் சொல்லிப் பயனில்லை. கண் நன்றாகத் தெரிகிறது, பேப்பரை வரி விடாமல் படிக்கிறார். அதனால்தான் பேப்பருக்கு இதை எழுதினேன். மகளும் படிப்பாள். படித்தால் திரும்பவும் பேச்சை நிறுத்துவாள். இந்த வயதில் அதைத் தாங்க முடியுமா என்று தெரியாது.

மாப்ளே, அது பாடியது. நானும் கேட்டேன்.